மணிக்கு 70 மைல் ஓடும் படகு: படிவத்தில் 45 என்று எழுதினால் என்ன?

தூண்டில்காரன் (கெஸ்விக், ஒன்ராறியோ), மே 3, இரவு 9.40

பத்து வருடம் பழைய அலுமினியப் படகில் முதுகு ஒடிய உட்கார்ந்து மீன் பிடித்தவன் நான். இந்த வசந்தத்தில் துணிந்து ஒரு பாஸ் மீன் படகு வாங்கிவிட்டேன். 20 அடி, கண்ணாடியிழை, பின்னால் வெளியே மாட்டிய 250 குதிரைவலு இயந்திரம், அதாவது அவுட்போர்டு. பழையதுதான். முந்தைய உரிமையாளர் அதைப் பெற்ற பிள்ளை போல வைத்திருந்திருக்கிறார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு என் தோளில் தட்டி, "தனியாகப் போனால் மணிக்கு 70 மைல் தொடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கனடாவில் படகுக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் மரீனாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், இடம் வேண்டுமென்றால் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டு என்கிறார்கள். சரியென்று இணையப் படிவத்தைத் திறந்தேன். நீளம், வருடம், குதிரைவலு எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசியில் ஒரு கட்டம்: "படகின் அதிகபட்ச வேகம்". விளையாட்டாக எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 45 என்றால் ஆண்டுக்கு 690 டாலர். 60 என்றால் 910. 70 போட்டதும் தொகையே வரவில்லை. "எங்கள் அலுவலர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்ற ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

நான் 35க்கு மேல் ஓட்டப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் குடையை விரித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்காருவார். அந்தக் குடை ஒரு தடவை காற்றில் மடங்கினால் அன்று வீட்டில் சோறு கிடைக்காது. ஓட்டாத வேகத்துக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? 45 என்று எழுதிவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

பெரியவாளை (பேரி), மே 3, இரவு 10.05

குடையை மடக்கச் சொல்லுங்கள், இன்னும் ஐந்து மைல் கூடும்.

ஏரிக்கரை அரசன் (ஒரிலியா), மே 3, இரவு 10.31

தாராளமாக 45 என்று எழுதுங்கள் தம்பி. நான் ஆறு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். அவர்கள் என்ன, ஏரிக்கு நடுவில் நின்று வேகம் அளக்கப் போகிறார்களா? காரில் மீட்டர் 220 வரை காட்டுகிறது. அதற்காகக் கார்க் காப்புறுதியில் யாராவது 220 என்று எழுதுகிறார்களா?

கோப்புக்கட்டு (ஸ்கார்பரோ), மே 4, காலை 7.12

இருபத்தாறு வருடம் காப்புறுதித் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவன். அதில் ஒன்பது வருடம் படகுகள் மேசையில். கொஞ்சம் நீளமாக எழுதுவதற்கு மன்னியுங்கள், தூண்டில்காரன்.

முதலில், படிவம் உங்களிடம் "எவ்வளவு வேகத்தில் ஓட்டுவீர்கள்" என்று கேட்கவில்லை. "இந்தப் படகு எவ்வளவு ஓடும்" என்று கேட்கிறது. ஏனென்றால் பத்திரம் வழக்கமாக உங்களை மட்டும் காப்பதில்லை. உங்கள் அனுமதியோடு சக்கரத்தைப் பிடிக்கும் எவரையும் காக்கிறது. மாமியார் இறங்கிப் போன பிறகு, மாலை ஆறு மணிக்கு உங்கள் மச்சான் மகன் "மாமா, ஒரு சுற்று" என்று கேட்பான். எங்களுடைய கணக்கெல்லாம் அந்த ஆறு மணியைப் பற்றியதுதான்.

இரண்டாவது, வேகத்தோடு பிரீமியம் சரிவுப் பாதை போல மெல்ல மெல்ல ஏறுவதில்லை. படிக்கட்டு போல ஏறும். எங்கே படி வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 50 மைலில் ஒரு படி வைப்பவர்கள் உண்டு, 65இல் வைப்பவர்கள் உண்டு, 75இல் வைப்பவர்களும் உண்டு. ஒரு படிக்கு மேல் சாதாரணக் கம்பெனி "எங்களுக்கு வேண்டாம்" என்று கையை விரித்துவிடும். அதிவேகப் படகுகளை மட்டும் எடுக்கிற சிறப்புச் சந்தைக்குத்தான் போகவேண்டும். 70 போட்டதும் தொகை வராமல் நின்றதற்கு அதுதான் காரணம். உங்கள் படகு கணினியின் கையை விட்டு மனிதர் கைக்குப் போய்விட்டது.

ஏன் இந்தப் படிகள்? மோதலின் உக்கிரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 40 மைலில் மோதுவதற்கும் 70 மைலில் மோதுவதற்கும் வேக வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை; மோதும் சக்தியோ மூன்று மடங்கு. நீரில் பாதி மூழ்கி மிதக்கும் மரக்கட்டையில் 20 மைலில் இடித்தால் இயந்திரத்தின் கீழ்ப்பகுதி நசுங்கும், அதற்கு ஒரு பில் வரும். 60இல் இடித்தால் இயந்திரம் மாட்டியிருக்கும் பின்பலகையே கிழிந்து வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்புகளில் படகுக்கான தொகை சின்னது. உள்ளே இருந்தவர்களின் மருத்துவச் செலவும் வழக்கும்தான் பெரியது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகிறது. 2023இல் 3,844 விபத்துகள், 564 சாவுகள். காரணங்களில் முதலிடம் ஓட்டுபவரின் கவனக்குறைவுக்கு. மிகை வேகம் முதல் ஐந்துக்குள் வரும், முதலிடம் அதற்கு இல்லை. அப்படியென்றால் வேகத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்பீர்கள். கவனக்குறைவைப் படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்க முடியாது ஐயா. வேகத்தைக் கேட்கலாம். அதே கவனக்குறைவு 20 மைலில் திடுக்கிட்டுத் திரும்ப நேரம் தரும், 70இல் தராது.

கடைசியாக ஒன்று. 45, 60, 70 என்று மாற்றி மாற்றிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றும் உங்கள் பெயரில் அவர்கள் கணினியில் பதிவாகியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இப்போது 45 என்று கையொப்பமிட்டால், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது.

தூண்டில்காரன், மே 4, மதியம் 12.20

ஐயா, அந்தக் கடைசிப் பத்தியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆனாலும் ஏரிக்கரை அரசன் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே. காருக்கு ஒரு நியாயம், படகுக்கு ஒரு நியாயமா?

ரோகிணி_நீச்சல் (பேரி), மே 4, மதியம் 1.02

காருக்கும் மாடலைப் பார்த்துத்தானே போடுகிறார்கள்? ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் என் கோபம் வேறு. ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நான் அந்த 30 மீட்டருக்குள்தான் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். 70 மைல் என்றால் நொடிக்கு 31 மீட்டர். அதாவது எனக்கென்று சட்டம் ஒதுக்கிய தூரம் முழுவதையும் உங்கள் படகு ஒரே நொடியில் விழுங்கிவிடும். படகுக்கு பிரேக்கும் கிடையாது. நீங்கள் 35இல்தான் ஓட்டுவீர்கள் என்று நான் நம்புகிறேன், அண்ணா. மச்சான் மகனை நம்பவில்லை.

ஏரிக்கரை அரசன், மே 4, மாலை 5.48

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். நிரூபிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. தொழிற்சாலை எங்கும் "இந்தப் படகு 70 ஓடும்" என்று முத்திரை குத்தி அனுப்பவில்லை.

பட்டறை மணி (மார்க்கம்), மே 4, இரவு 8.15

குத்தித்தான் அனுப்பியிருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

தூண்டில்காரன், படகு வாசலில்தானே நிற்கிறது? பின்னால் போய் இயந்திரத்தின் விசிறியை (புரொப்பெல்லரை) பாருங்கள். நடுக்குடத்தின் பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் பிட்ச்; விசிறி ஒரு சுற்று சுற்றினால் படகு எத்தனை அங்குலம் முன்னே போகவேண்டும் என்பதன் கணக்கு. உங்கள் 250க்குப் பெரும்பாலும் கியர் விகிதம் 1.75, முழு வீச்சில் நிமிடத்துக்கு 6,000 சுற்று. 6,000ஐ 1.75ஆல் வகுத்து, பிட்ச் எண்ணால் பெருக்கி, 1,056ஆல் வகுத்தால் மைல் வேகம் வந்துவிடும். நீரில் விசிறி வழுக்குவதற்குப் பத்து சதவீதம் கழியுங்கள். பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

தூண்டில்காரன், மே 4, இரவு 8.52

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மனைவி ஜன்னலிலிருந்து "இந்த நேரத்தில் அங்கே என்ன தடவுகிறீர்கள்" என்று சத்தம் போட்டாள். குடத்தில் அழுக்கு. விரலால் துடைத்துப் பார்த்தால் 24.

6,000 வகுத்தல் 1.75, அதை 24ஆல் பெருக்கி 1,056ஆல் வகுத்தால் 77.9. பத்து சதவீதம் கழித்தால் 70.1.

விற்றவர் ஒரு மைல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. மனிதர் நேர்மையானவர்தான். விசிறியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பட்டறை மணி, மே 4, இரவு 9.10

இந்தக் கணக்கைப் பட்டறைப் பையன் போடுகிறான் என்றால் இழப்பு மதிப்பீட்டாளர் போடமாட்டாரா? அதோடு இப்போதைய அவுட்போர்டுகளின் கணினி, எந்தச் சுற்றில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிவைத்திருக்கும். மடிக்கணினியைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் தாளில் வந்துவிடும். ஜிபிஎஸ் திரையிலும் நீங்கள் போன தடமும் வேகமும் கிடக்கும்.

கதை ஒன்று சொல்கிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். ஒருவர் 16 அடிப் படகு கொண்டுவந்தார். பலகையில் ஒட்டிய தகட்டில் 60 குதிரைவலுதான் உச்சவரம்பு. அவர் 90 பூட்டி, 60இன் மேல்மூடியைத் தேடி வாங்கி அதன்மேல் கவிழ்த்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் 60தான். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் துறைமேடையில் மோதினார், மெதுவாகத்தான், கட்டும்போது. படகைப் பார்க்க வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியின் கொக்கியைத் தூக்கினார், எஞ்சினின் வரிசை எண்ணைப் படம் எடுத்தார், பிறகு தகட்டைப் படம் எடுத்தார், மூடியைத் திரும்பவும் அழகாகக் கவிழ்த்துவிட்டுப் போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. பணம் வரவில்லை. மேடையைக் கட்டியவருக்கும் அவரே தன் கையிலிருந்து கொடுத்தார்.

மியாமி முருகேசன் (புளோரிடா), மே 5, காலை 6.30

ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே என் பான்டூன் படகு (மிதவைக் குழாய்கள்மேல் தட்டையான தளம் வைத்தது) முழு மூச்சில் 24 மைல் போகும்; ஆமை கையசைத்துவிட்டு முந்திப்போகும். ஆனால் நான் கட்டும் பிரீமியத்தைச் சொன்னால் தூண்டில்காரன் தன் படகுக்குப் பூப்போட்டுக் கும்பிடுவார். காரணம் புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை படகு எங்கே நிற்கும், எத்தனை கயிறு, புயல் வந்தால் எங்கே இழுத்துப் போவீர்கள் என்று ஒரு தனித் திட்டமே எழுதிக் கொடுக்க வேண்டும். 2022இல் இயன் புயலுக்குப் பிறகு ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, 70 மைல் எல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. கட்டிப்போட்ட படகுக்கு ஏது வேகம்?

கோப்புக்கட்டு, மே 5, காலை 7.40

முருகேசன் சொல்வது சரி. எங்கே மிதக்கிறது என்பதற்குப் பிறகுதான் எவ்வளவு ஓடுகிறது என்பது. நம் சிம்கோ ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடுவதால் ஆண்டில் பாதி நாள் படகு தரையில்தான் கிடக்கும். அதற்குத் தள்ளுபடியும் உண்டு. நம் ஏரியில் புயல் இல்லை. அதனால்தான் வேகம் மேலே தெரிகிறது.

நங்கூரம் (சவுத்தாம்ப்டன்), மே 5, மதியம் 2.15

இங்கிலாந்திலிருந்து. நான் படகுத் தரகு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உங்களுடைய 50, 65 எல்லாம் கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. எங்களுக்கு எல்லைக்கோடு 17 நாட், அதாவது மணிக்கு 17 கடல்மைல்; உங்கள் கணக்கில் 20 மைலுக்கும் குறைவு!

லண்டன் சந்தையில் உல்லாசப் படகுகளுக்கென்று 1985 நவம்பர் 1 தேதியிட்ட இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ் என்ற வாசகம் இருக்கிறது. படகின் வடிவமைப்பு வேகம் 17 நாட்டைத் தாண்டாது என்று நீங்கள் உறுதி தருவதாக அதில் ஒரு வரி. தாண்டும் என்றால் அந்த வரியை அடிக்க ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அடித்த உடனே "ஸ்பீட்போட்" பிரிவு என்று ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரீமியத்தைவிட அந்தப் பிரிவைத்தான் நான் வாடிக்கையாளரிடம் விரல்வைத்துப் படித்துக் காட்டுவேன். ஓடும்போது நீங்களோ தகுதியான இன்னொருவரோ படகில் இருந்து அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். திறந்த கடற்கரைக்கு எதிரே ஆளில்லாமல் நங்கூரமிட்டுவிட்டுப் போய், படகு மூழ்கினாலோ அறுத்துக்கொண்டு போனாலோ இழப்பீடு இல்லை. பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் இல்லை. உள்ளே பொருத்திய இயந்திரம் என்றால், தானாக இயங்கும் அல்லது சக்கரத்தருகே இருந்து இயக்கக்கூடிய தீயணைப்பு ஏற்பாடு இல்லாமல் தீ விபத்துக்கு ஒரு பென்னிகூட இல்லை.

வடிவமைப்பு வேகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மாமியார் வேகம் இல்லை.

தூண்டில்காரன், மே 5, மாலை 6.05

திறந்த கரையில் நங்கூரமிட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போவது நம்மவர்கள் எல்லோரும் செய்வதுதானே! வேகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நங்கூரம், மே 5, மாலை 6.40

வேகமான படகு என்றால் பெரும்பாலும் இலேசானது, பின்பலகை தாழ்ந்தது. பின்னாலிருந்து நாலு அலை ஏறினால் போதும். அதனால்தான்.

ஏரிக்கரை அரசன், மே 5, இரவு 9.22

சரி, ஒரு சட்டக் கேள்வி. நான் 45 என்று எழுதினேன். படகு நின்ற இடத்தில் திருடுபோனது. வேகத்துக்கும் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அப்போதும் பணம் தரமாட்டார்கள் என்றால் அது அநியாயம். எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாது.

கோப்புக்கட்டு, மே 6, காலை 7.05

ஒப்புக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன, அரசன்.

2019இல் புளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் அருகே ஒரு யாட் (உல்லாசப் படகு) தரைதட்டியது. தீப்பிடிக்கவில்லை, புகைகூட இல்லை. ஆனால் தீயணைப்புக் கருவிகளை உரிய காலத்தில் பரிசோதித்துச் சான்று வாங்கவில்லை என்று கிரேட் லேக்ஸ் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்தது. உரிமையாளர் ரெய்டர்ஸ் ரிட்ரீட் ரியால்டி என்ற பென்சில்வேனியா நிறுவனம். எங்கள் மாநிலச் சட்டப்படி இது செல்லாது என்றார்கள். பத்திரத்தில் நியூயார்க் சட்டம் என்று எழுதியிருக்கிறதே என்றது கம்பெனி. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 பிப்ரவரியில் கம்பெனி பக்கம் தீர்ப்பானது, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக. அவர்கள் தீர்த்தது பணம் தரவேண்டுமா என்பதை அல்ல, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை. ஆனால் அந்த ஒன்று தோற்றாலே பாதி வழக்கு தோற்றதுதான்.

நம் கனடாவிலும் 1993ஆம் ஆண்டின் மரைன் இன்சூரன்ஸ் சட்டம் இருக்கிறது. இந்த ஒப்பந்தம் உச்சபட்ச நல்லெண்ணத்தின் மேல் நிற்பது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு தரப்பு அதை மீறினால் மறுதரப்பு ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். திருட்டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. 70 என்று தெரிந்திருந்தால் இந்தப் படகை இந்த விலைக்கு எடுத்திருப்பார்களா என்று பார்ப்பார்கள். உங்களிடம் 690 வாங்கிய கம்பெனி எடுத்திருக்காது.

ஆறு வருடம் கட்டிய பணத்தை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். எதற்குக் கட்டினீர்கள் என்று யோசியுங்கள்.

ஏரிக்கரை அரசன், மே 6, காலை 7.31

என் படகு 52தான் ஓடும். அவ்வளவு பெரிய பாவம் இல்லை.

பெரியவாளை, மே 6, காலை 7.33

50இல் ஒரு படி இருக்கிறதாம், அண்ணா.

தூண்டில்காரன், மே 9, இரவு 10.10

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேடிவருபவர்களுக்கு உதவும்.

70 என்றே எழுதினேன். முதல் கம்பெனியின் பெண் அழைத்தார், மிக மரியாதையாக "எங்கள் வரம்பு 65" என்றார். விசிறியை மாற்றிப் பிட்ச் குறைந்ததைப் பூட்டினால் வேகம் இறங்குமே என்று கேட்டேன். விசிறி நான்கு திருகில் கழன்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, ஒரு தரகர் வழியாக. அதிவேகப் படகுகள் எடுக்கும் கம்பெனி. அங்கே கேள்விகள் இரண்டு பக்கம்: எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன், இதற்கு முன் வைத்திருந்த படகின் வலு எவ்வளவு, கார் ஓட்டுநர் பதிவு எப்படி. என் பழைய அலுமினியப் படகு 20 குதிரைவலு என்றதும் மறுமுனையில் ஒரு மௌனம். 20இலிருந்து 250க்குத் தாவுவது அவர்களுக்கு 70 மைலைவிட உறுத்தலாக இருந்ததாம். சட்டத்துக்குத் தேவையான படகோட்டும் அட்டை போதாது, கனடியன் பவர் அண்ட் செயில் ஸ்குவாட்ரன்ஸ் போன்ற அமைப்பின் வகுப்பு ஒன்றை முடித்துச் சான்று கொடுங்கள் என்றார்கள். பத்திரத்தில் பெயர் எழுதிய ஓட்டுநர் மட்டுமே ஓட்டலாம். ஓடும்போது கில் ஸ்விட்ச் கயிறு (ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்துவது) உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு 1,180 டாலர். என் 22 வயது மகனின் பெயரையும் சேர்த்தால் 1,720. ஆக, வேகத்துக்கு 490, மகனுக்கு 540. கம்பெனி வேறு வேறு என்பதால் இது நேர்க்கணக்கு இல்லை, தெரியும். ஆனாலும் மகனிடம் இந்த எண்ணைக் காட்டினேன். இரண்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. மாமியார் மட்டும், "எனக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறாயா" என்று கேட்டார். உள்ளே இருப்பவர்களுக்கும் இருக்கிறது என்றேன். "குடைக்கு?" என்றார்.

கோப்புக்கட்டு, மே 10, காலை 7.20

1,180 நியாயமான தொகைதான். படகு முழுச் சேதமானால் ஒப்புக்கொண்ட மதிப்பைத் தருவார்களா, அன்றைய சந்தை மதிப்பையா என்று பத்திரத்தில் பாருங்கள். இழுத்துச் செல்லும் டிரெய்லர் சேர்த்தியா என்றும்.

பட்டறை மணி, மே 10, காலை 9.45

தூண்டில்காரன், 4ஆம் தேதி போட்ட விசிறிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலப்பக்க இதழின் நுனியில் நகம் அளவுக்கு ஒரு சிதைவு இருக்கிறது, அதை ஒட்டி விளிம்பும் லேசாக மடங்கியிருக்கிறது. அதோடு 6,000 சுற்றில் ஓட்டினால் அதிர்வு தண்டுக்குப் போகும். தண்ணீரில் இறக்கும் முன் கழற்றிக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மதியம் வரை பட்டறையில் இருப்பேன்.